கடலோரத்தில் நமது வீடு

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பிரயாணம் செய்யும் வாசகர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு மருங்கிலும் எழும்பியிருக்கும் புது மாளிகைகளைக் கவனித்திருப்பார்கள். சுவருக்குப் பதில் கண்ணாடி. தலைக்கு மேலே கான்கிரீட் தளம். மழைச் சாரலைத் தடுக்க ஓர் இறவாரம் கூடக் கிடையாது. கடற்காற்று வாங்குவதற்கென்றே கடலோரத்தில் நிலம் வாங்கிவிட்டு, ஜன்னல்களையெல்லாம் இறுக மூடி, குளிர்சாதன யந்திரத்தை முடுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் போன்ற வேடிக்கை வேறொன்று உண்டோ? அந்த வீட்டைப் பார்த்து அது எந்தத் தேசத்து வீடு என்று சொல்வதும் கஷ்டம்.

இந்தச் சீமையில் வீடு எப்படி இருந்தது என்பதற்கு மாமல்லபுரத்துக் கல்லே சாட்சி சொல்கிறது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் ஒரே பாறையில் குடைந்தெடுத்த திரௌபதி ரதத்தைப் பாருங்கள். கூரை வேய்ந்த குடிசையின் வடிவம் அது. பீம ரதத்தின் முகடு, வண்டிக் கூண்டைப் போல வளைந்திருக்கிறது. கோயிலுக்கு அழகான உருவம் தேடிய சிற்பி, ஓலையும் மூங்கிலும் கொண்டு ஜனங்கள் கட்டிய வீட்டையே முன்மாதிரியாகக் கொண்டான். சிற்பி மதித்ததை நாம் மதிக்காமல் இடித்துத் தள்ளிக் கொண்டிருக்கிறோம்.

முட்டுக்காட்டுக்கு வந்த வீடுகள்

அதே சாலையில், சென்னைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் முட்டுக்காடு இருக்கிறது. அங்கே 1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 'தக்ஷிணசித்ரா' திறக்கப்பட்டது. டெபோரா தியாகராஜன் அம்மையார் 1984-ல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளையின் முயற்சி இது. தென்னாட்டின் பல பகுதிகளில் இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் உத்தரமும் கதவுமாகப் பிரித்து, அடையாள எண் இட்டு, இங்கே கொண்டுவந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களைக் கொண்டே மறுபடியும் எழுப்பினார்கள். செட்டிநாட்டு வர்த்தகர் வீடு, திருநெல்வேலி ஜில்லா அக்கிரகாரத்து வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு ஆகியவற்றை ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். கடலோரவாசிகள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது விசாகப்பட்டினத்துக் கரையின் வட்ட வீடு. புயற்காற்று மோதி நிற்க அதில் மூலை கிடையாது. அது சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இந்த வளாகத்துக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தவர் லாரி பேக்கர். பென்னி குரியாகோஸ் என்ற கட்டடக் கலைஞர் அப்பணியைத் தொடர்ந்து செய்தார். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தையே சொந்த நாடாக்கிக் கொண்ட பேக்கர், வாலிபத்தில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தவர். சிறந்த கிராம வீடு ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்பது மகாத்மாவின் கருத்து. அதுவே தம் வாழ்நாள் முழுதும் வழிகாட்டியாக இருந்தது என்று பேக்கர் சொல்லியிருக்கிறார். துணியில் மட்டுந்தான் சுதேசியம் உண்டு, சுவரில் இல்லை என்று யார் சொன்னார்கள்?

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு

பழைய வீட்டின் பாகங்கள் வெறும் அலங்காரமல்ல. திண்ணைக்கு மேல் இறங்கிய தாழ்வாரம், வெயில் சுவரில் படாதபடி காக்கிறது. சூடேறாத சுவர் இரவில் அனல் வீசாது. முற்றத்தின் வழியே உஷ்ணக் காற்று மேலே எழும்பும்போது, வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக் காற்று உள்ளே ஓடி வருகிறது. வாசலுக்கும் கொல்லைக்கும் நேர்க்கோடாகக் கதவுகள் வைத்ததன் இரகசியமும் இதுவே. சித்திரை வைகாசியில் பிற்பகலில் கிளம்பும் கடற்காற்றுக்கு இவ்விதம் பாதை போட்டு வைத்தார்கள். சரிந்த ஓட்டுக் கூரையோ, ஐப்பசி கார்த்திகை மழையை ஒரு நிமிஷமும் தங்கவிடாமல் வடித்துவிடும்.

சுவருக்குப் பூசிய சுண்ணாம்பும் கடல் தந்ததுதான். கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுக் குழைப்பார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்டு அப்படிச் செய்யாது. உப்பங்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும்; பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கடலோரத்துப் புது வீடுகள் சில ஆண்டுகளிலேயே சிதிலமாவதற்கு இது முக்கியமான காரணம்.

புதுப்பிப்போர் கவனத்துக்கு

செங்கற்பட்டு வட்டாரத்தில் பாட்டனார் வீட்டை வைத்திருப்பவர்கள், இடிப்பதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் செங்கல்லையே அரித்துவிடும். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற தளம், தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. அதில் இரண்டு கட்டைகள் உளுத்துப் போனால் அவ்விரண்டையும் மாற்றினால் போதும். தளம் முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. திருடருக்கும் மழைக்கும் அஞ்சி முற்றத்தை மூடுவதானால், கூரையைக் கால் நாட்டி உயர்த்தி, சுற்றிலும் கம்பி வலையுடன் இடைவெளி விடுங்கள். முற்றத்து மழைநீரைத் தெருவுக்கு விடாமல் கிணற்றடிக்குத் திருப்புங்கள். மாமல்லபுரத்துக்குள் வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு வார்த்தை: பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டுவதற்குத் தடை உண்டு, அதற்கப்பால் 200 மீட்டர் வரையில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

எதை விட வேண்டும்?

பழைய வீட்டில் இருந்ததெல்லாம் உயர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. வெளிச்சம் புகாத, புகை மண்டிய அடுக்களையில் பெண்கள் ஆயுள் முழுவதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். வீட்டு விலக்கானவர்களையும் கைம்பெண்களையும் ஒதுக்கி வைக்க இருட்டறைகள் இருந்தன. திண்ணையில் வழிப்போக்கர்கள் படுத்துறங்கிய பெருமையைப் பேசுகிறோம். எல்லா ஜாதி வழிப்போக்கருக்கும் அங்கே இடம் இருந்ததா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகையால், வீட்டைப் புதுப்பிக்கும்போது அடுக்களைக்கு முதலில் ஜன்னல் வையுங்கள். ஒதுக்கு அறையின் சுவரைத் தயங்காமல் இடியுங்கள். காற்றின் வழியைக் காப்பாற்றுங்கள். மனிதர்க்கு மனிதர் போட்ட தடுப்பை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, அவசரமான விஷயம் ஒன்று உண்டு. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருப்பதால், கோயில் கட்டும் சாஸ்திரம் இளைஞர்களுக்குக் கிடைத்துக் கொண்டிருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு அரைக்கும் பக்குவமும் ஓட்டுக் கூரை வேயும் கணக்கும் கொத்தனார் கையிலும் தச்சர் கையிலுமே இருக்கின்றன. வேலை கொடுக்கிறவர் இல்லாவிட்டால் அந்தக் கைகள் வேறு தொழிலுக்குப் போய்விடும். நம் பேரக் குழந்தைகள் தென்னாட்டு வீட்டைச் சீட்டு வாங்கிக்கொண்டு முட்டுக்காட்டில் மட்டுமே பார்க்கலாம் என்ற நிலை வரலாகாது. ஊருக்கு நாலு குடும்பத்தார் தங்கள் வீட்டைப் பழைய முறையில் பழுது பார்க்க முன்வந்தாலும், அந்தக் கைகளுக்கு வேலையும் பிள்ளைகளுக்குப் பாடமும் கிடைக்கும்.