கைப்பிடிச் சுவரின் உயரம்

சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் திறந்தது 1937-இல். உயிர்காக்கும் எஃகு வலை கட்டி முடிந்ததோ 2024 ஜனவரியில். இவ்வளவு காலம் இழுத்தடித்ததற்குக் காசு மட்டும் காரணமில்லை. ‘காட்சி கெட்டுவிடும்’ என்றார்கள். ‘சாக நினைத்தவர் வேறு இடம் தேடிப் போவார்’ என்றார்கள். இரண்டாவது பேச்சு பொய் என்று 1978-லேயே ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் காட்டிவிட்டார். அந்தப் பாலத்தில் 1971 வரை தடுத்து மீட்கப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்க்கையை அவர் தேடிப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். இங்கிலாந்தின் கிளிஃப்டன் பாலத்தில் 1998-இல் தடுப்பு வந்தபின் அங்கே தற்கொலைகள் பாதியாகக் குறைந்தன. அந்த நேரத்து வேகம் தணிய இடம் கொடுத்தால் போதும், பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். அழகான பாலம் கட்டும் எந்த மாநகராட்சியும் வரைபடத்திலேயே தடுப்பைச் சேர்க்கவேண்டும், நாமும் அதைக் கேட்கவேண்டும்.

தடுப்பு மட்டும் போதாது, உதவிக்குப் போகும் வழியும் திறந்திருக்கவேண்டும். புனேக்காரர்களுக்கு 1867-இல் கட்டிய ஃபிட்ஸ்ஜெரால்டு பாலம், அதாவது பண்ட் கார்டன் பாலம், தெரியும். முலா-முட்டாவைத் தாண்டி அது கொண்டுசேர்க்கும் எரவாடாவில்தான் அரசு மண்டல மனநல மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்லிச் சிரிப்பதுபோல இங்கே ‘எரவாடா’. உதவி தேடப் போகிறவரை இந்தச் சிரிப்பே பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடுகிறது.

மீதியைப் போலீஸ் பயம் செய்கிறது. வழக்கு வரும் என்று தற்கொலை முயற்சியை மறைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போகாத குடும்பங்கள் இன்றும் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் அதில் குற்றம். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும், அதற்காக அஞ்சவேண்டாம். முதலில் போலீஸ் வரட்டும் என்று அவசரச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

யாராவது தனியே கலங்கி நின்றால் பக்கத்தில் போய்ப் பேசுங்கள். ‘சாக நினைக்கிறீர்களா’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விட்டுவிட்டு நகராதீர்கள். ஆபத்து உடனடி என்றால் 112. மனம்விட்டுப் பேச, டெலி மானஸ் உதவி எண் 14416: கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.