சூடான காற்றுக்கு வாசல் எங்கே?

ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டில் இருக்கும் வென்ட் எதற்கு என்று கேட்டால், "இன்ஜினுக்குக் காத்து போகத்தான்" என்பார்கள். வல்லம் வடகாலில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் வரும் இளைஞர்களில் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். உண்மை நேர்மாறானது. காற்று உள்ளே போகும் வழி முன்பக்கக் கிரில்லிலேயே இருக்கிறது. ரேடியேட்டரைக் கடந்து சூடேறிய காற்று வெளியே வருவதற்குத்தான் வென்ட். இது புரியாமல் வென்ட் மாற்றினால் காரின் தோற்றம் மாறும். இன்ஜினின் சூடு குறையாது.

போன கோடையில் ஒரு லான்சர் சீடியா வந்தது. திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவான மிட்சுபிஷி கார் அது. ராலி ஓட்டுபவர்கள் விரும்பித் தேடிய வண்டி. உரிமையாளர் ஒரகடத்தில் வேலை பார்க்கும் இளைஞர். விடுமுறை நாளில் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டுவார்.

"அண்ணே, ரெண்டு வென்ட்டும் வெயில்ல வெடிச்சுப் போச்சு. கார்பன் ஃபைபர்ல புதுசு வாங்கிட்டேன், மாட்டிக் குடுங்க. ட்ராக்குல கொஞ்ச நேரம் அழுத்தி ஓட்டினாலே டெம்பரேச்சர் முள்ளு ஏறுது."

பானட்டைப் பார்த்தேன். யாரோ முன்பு அந்த வென்ட்டுகளை முன்கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். "மாட்டலாம் தம்பி. ஆனா இதே இடத்துல மாட்டினா முள்ளு ஏறத்தான் செய்யும்" என்றேன்.

காரணம் எளிது. ஓடும் காரின் மூக்கைத் தாண்டிய காற்று பானட்டின் முன்பகுதியில் வளைந்து வேகமெடுக்கும். அங்கே அழுத்தம் குறைவு. அதே காற்று முன்கண்ணாடியில் மோதித் தயங்கும்போது, கண்ணாடியின் அடியில் அழுத்தம் கூடும். காருக்குள் ஏசி இழுக்கும் வெளிக்காற்று பெரும்பாலான கார்களில் அந்த இடத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அங்கே ஓட்டை போட்டால் உள்ளே இருக்கும் சூடு வெளியேறாது. வெளிக்காற்றுதான் உள்ளே புகப் பார்க்கும். முன்வாசலும் கொல்லைவாசலும் நேராக இருக்கும் வீட்டில் காற்று தானாக ஓடும். கொல்லைவாசலை அடைத்துவிட்டு முன்பக்கம் இன்னொரு கதவு வைத்தால் புழுக்கம் போகுமா?

சொன்னதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று பானட் முழுக்கக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டினோம். ட்ராக்கில் ஓட்டும்போது பக்கத்து வண்டியிலிருந்து நண்பர் ஒருவர் போனில் படம் பிடித்தார். முன்பகுதி நூல்கள் பின்னோக்கிப் படிந்து நேராக நின்றன. கண்ணாடி அருகே இருந்தவை திசை தெரியாமல் சுழன்றன.

அடுத்து, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப். அதில் சாயம் கலந்த நீர் விட்டு, ஒரு முனையை இன்ஜின் அறையிலும் மறு முனையைப் பானட்டின் மேல்பரப்பிலும் வைத்தால், இரண்டு இடங்களின் அழுத்த வேறுபாடு நீர்மட்டத்தில் தெரியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று நேராக மோதித் தரும் அழுத்தமே சுமார் 47 மில்லிமீட்டர் நீர் உயரம்தான். வேகம் பாதியானால் அது நான்கில் ஒரு பங்காகி 12 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். இவ்வளவு சிறிய விசையை நம்பித்தான் வென்ட் வேலை செய்கிறது. அதனால்தான் இடம் ஒரு சாண் தவறினாலும் பலன் போய்விடுகிறது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானட்டின் முன்பாதியில், நீர்மட்டம் வெளிப்பக்கம் நன்றாக ஏறியது. இடம் கிடைத்துவிட்டது.

பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. 2021-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 காரில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. ஆனாலும் முன் பானட்டில் இரண்டு பெரிய திறப்புகள் உண்டு. மூக்கில் உள்ள ரேடியேட்டரின் சூடான காற்று அவற்றின் வழியே மேலே போகிறது. காற்று அடியில் தேங்காததால் காரின் முன்பக்கம் தூக்குவதும் குறைகிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி களமிறக்கியது இந்த 911 குடும்பத்துப் பந்தயக் காரைத்தான். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் பானட்டில் மேடாக நிற்கும் திறப்பு வேறு ஜாதி. அது டர்போவின் இன்டர்கூலருக்குக் காற்றை உள்ளே வாங்குவது. இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

இனி வேலை. வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ரேடியேட்டரின் ஓரங்களில் உள்ள இடைவெளிகளை ஃபோம் வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும்; மேலே எத்தனை வென்ட் வைத்தும் பயனில்லை. எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாகச் சூடாக வெளியேற வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பு முழுவதும் ரேடியேட்டர் மேல்தான்.

பானட் ஒற்றைத் தகடு அல்ல. மேலே தோல், அடியில் எலும்பு போன்ற உள்சட்டம். அந்த எலும்பை எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது. வேகத்தில் பானட் துடிக்காமல் காப்பது அதுதான். சாலையில் நடப்பவர் மீது கார் மோத நேர்ந்தால், தலையில் விழும் அடியைப் பானட் எப்படி வாங்க வேண்டும் என்று கணக்கிட்டு அமைத்ததும் அதுதான். சட்டங்களுக்கு நடுவே அளவெடுத்து, நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளை போட்டோம். கூர்மூலையில்தான் தகரம் கீறத் தொடங்கும். வெட்டிய விளிம்பை அராவி, துத்தநாக ப்ரைமர் அடித்தோம். புதிய திறப்புக்கு, சாய்ந்த இதழ்கள் கொண்ட அலுமினிய வென்ட்டான லூவரை எடுத்தோம். அதை இரும்புத் தகட்டில் நேரடியாக வைத்தால் ஈரம் பட்டதும் இரண்டுக்கும் நடுவே அரிப்பு தொடங்கும். அதனால் ரப்பர் கேஸ்கெட் வைத்து, எவர்சில்வர் போல்ட் போட்டு முடுக்கினோம். லூவர் இதழ்கள் கண்ணாடியைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பக்கத்துப் பழைய ஓட்டைகளைத் தகரம் வைத்துப் பற்றவைத்து மூடி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தோம்.

வடகிழக்குப் பருவமழையை மறக்கக்கூடாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இங்கே நிறுத்தி வைத்த காரின் மேல் மழை கொட்டும். வென்ட்டுக்கு நேர் கீழே இக்னிஷன் காயிலோ ஃபியூஸ் பெட்டியோ ஆல்டர்னேட்டரோ இருந்தால் சிக்கல் நிச்சயம். லூவருக்கு அடியில் சின்னத் தகரத் தட்டு வைத்து, தண்ணீரை ஓரமாக வடித்துவிட ரப்பர் குழாய் கொடுத்தோம். வண்டி நிற்கும்போது போட்டு மூட உறையும் செய்துகொடுத்தேன்.

மறுபடி ட்ராக்கில் ஓட்டிப் பார்த்தபோது, அழுத்தி ஓட்டியும் முள் நடுவிலேயே நின்றது. அவர் வாங்கி வந்த கார்பன் ஃபைபர் வென்ட்டுகளைப் பொருத்த வேண்டிய தேவையே வரவில்லை. திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டார்.

இவ்வளவு சொன்னாலும், வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வரும் காருக்குப் பானட்டை வெட்டச் சொல்லி வந்தால் நான் செய்வதில்லை. அந்த சீடியா இப்போது ட்ராக்குக்கு மட்டுமே. அங்கேயும் டிரெய்லரில்தான் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த வடிவிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். சாலைக் காரில் வென்ட் உடைந்தால், கம்பெனி தந்த அதே பாகத்தை, அதே இடத்தில், புதுக் கிளிப்புகளோடு மாற்றுங்கள். போதும்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை தகரத்தை மடக்கவும் வெட்டவும் பற்றவைக்கவும் தெரிந்த கைகளுக்குக் குறைவே இல்லை. அந்தக் கைகளிடம் வண்டியைக் கொடுக்கிறவர்கள் வென்ட் என்ன விலை என்று கேட்கிறார்கள். காற்று எந்த இடத்தில் வெளியேறும் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் பானட்டைக் கழற்றிக் கொடுங்கள்.