ஒரே சொல்: ஜோகன்னஸ்பர்க்கில் குற்றம், புத்தளத்தில் பெயர்

2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு காரின் கண்ணாடியை உடைத்துத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார்கள். உதவிக்கு வந்த கறுப்பினப் போலீசாரைப் பார்த்து, காரை ஓட்டிவந்த வெள்ளைக்காரப் பெண் ‘காஃபிர்’ என்று கத்தினார். 48 முறை கத்தியதாக நீதிமன்றத்தில் கணக்கு வந்தது. 2018இல் அவருக்கு 3 ஆண்டு சிறை. அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது.

அதே தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேய வம்சாவளியினரை, டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர்கள் ‘ரூய்நெக்’, அதாவது செங்கழுத்தன், என்று ஏசுவதுண்டு. அதுவும் இன வசைதான். ஆனால் பெரும்பாலும் கேலியோடு போய்விடுகிறது.

சொல்லின் பொருளை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு புரியாது. அரபியில் காஃபிர் என்றால் இறைநம்பிக்கை இல்லாதவர், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவிலோ, அப்படி அழைக்கப்பட்ட பெரும்பான்மை மக்களுக்கு 1913 நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதத்தைத்தான் விட்டுவைத்தது. சொந்த மண்ணில் நடமாடவே பாஸ் புத்தகம் வேண்டும். கையில் இல்லையென்றால் லாக்கப். அந்த வசைக்குப் பின்னால் சட்டமே நின்றது. செங்கழுத்தனிடம் யாரும் பாஸ் கேட்டதில்லை.

இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடியில் ஒரு சிறு சமூகம் இருக்கிறது. போர்த்துக்கீசர் காலம் தொட்டு அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். மன்ஜா பாட்டுக்குப் பேர்போனவர்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரே காஃபிர், தமிழில் காப்பிரி. அடிமைத்தனம் அங்கும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரை வைத்து நாட்டையே கூறுபோட்ட சட்டம் அங்கே வரவில்லை.

நம்மவர்களுக்கும் இதில் பங்குண்டு. 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களை வெள்ளையர் ‘கூலி’ என்றார்கள். பிறகு வணிகரும் கூலி, வக்கீலும் கூலி. காந்தியே ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதிக்க 1895இல் சட்டம் போட்டார்கள். இங்கே நாள் சம்பளத்தைக் குறிக்கும் சொல், டர்பனில் இன்றும் காதில் விழக்கூடாத சொல்.

சட்டங்கள்தாம் போய்விட்டனவே, இன்னும் எதற்குக் கோபம் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. பாஸ் சட்டம் ஒழிந்தது 1986இல்தான். அந்தப் புத்தகத்தோடு வேலைக்குப் போனவர்கள் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.