ஐஸ் இல்லாத ஊரில் ஐஸ் ஹாக்கி பழக முடியுமா? எது முடியும், எது முடியாது?

கள்ளக்குறிச்சியில் ஐஸ் ஹாக்கியா? கல்வராயன் மலை குளிரும்தான். ஆனா தண்ணீர் உறைந்து மைதானம் ஆகிற அளவுக்கு இல்லை. இருந்தாலும் இது வெட்டிக் கேள்வி இல்லை. இந்திய ஐஸ் ஹாக்கியின் தாய்வீடான லடாக்கிலேயே இயற்கை ஐஸ் கிடைப்பது வருடத்தில் சுமார் இரண்டு மாதம்தான். மீதி மாதங்களில் கால்களைத் தயாராக வைத்திருக்க உதவுவது தரைப் பயிற்சியும் ரோலர் ஸ்கேட்டிங்கும்தான்.

ரோலர் ஸ்கேட்டிங்கில் தமிழ்நாடு கில்லி. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டர் ஸ்பிரின்ட்டில் தங்கம் வென்றார்.

ஸ்கேட்டிங் ஏன் முதல் பாடம்?

கால் தானாக ஓடினால்தான் கண் நிமிரும். காலைப் பார்த்துக் குனிந்தே ஓடுபவருக்கு, 'பக்' எனும் ரப்பர் வட்டும் தெரியாது, எதிரே மோத வருபவரும் தெரியாது.

பயிற்சியாளர் எதைக் கவனிப்பார்?

முதலில் முழங்கால். நன்றாக மடங்கினால்தான் தள்ளுவதற்கு நீளம் கிடைக்கும். நிமிர்ந்து நின்றால் வேகம் வராது.

அடுத்து, தள்ளும் திசை. நடக்கிற மாதிரி நேர் பின்னால் உதைத்தால் பிளேடு வழுக்கிவிடும். பக்கவாட்டில் தள்ள வேண்டும். தள்ளிய கால் திரும்ப உடலுக்கு அடியில் வந்து சேரணும்.

மூன்றாவது, விளிம்பு. ஹாக்கி பிளேடின் அகலம் சுமார் 3 மி.மீ.தான். அடிப்பக்கம் நடுவில் குழிந்திருப்பதால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு விளிம்புகள். திரும்புவது, நிற்பது எல்லாமே இவற்றின் மேல்தான்.

ஐஸ் இல்லாமல் எவ்வளவு கற்கலாம்?

நிறையவே. ஒற்றைக் காலில் சமநிலை, பக்கவாட்டுத் தாவல் ஆகியவற்றுக்கு வெறும் தரையே போதும். பக்கவாட்டில் தள்ளுவது, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது, வளைவில் ஒரு காலைத் தாண்டி இன்னொரு காலை வைக்கும் 'கிராஸ்ஓவர்' எல்லாம் இன்லைன் ஸ்கேட்டில் பழகலாம்.

எங்கே இடிக்கும்?

நிற்பதில். 'ஹாக்கி ஸ்டாப்'பில் இரண்டு பிளேடையும் சட்டென்று குறுக்கே திருப்பி, ஐஸைச் சீவிக்கொண்டே நிற்பார்கள். ரோலர் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும், அப்படிச் சீவாது. அதனால் ரோலரிலிருந்து ஐஸுக்குப் போகிறவர் வேகத்துக்கு முன்னால் நிற்கக் கற்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், பழக்கதோஷம். டிராக் பந்தயம் எப்போதும் இடப்பக்கமே சுற்றும். ஹாக்கியில் இரு பக்கமும் திரும்பணும், பின்னோக்கியும் ஓடணும், கையில் மட்டையும் இருக்கும்.

சரி, இதனால் என்ன பயன்?

இவ்வளவு குறைந்த ஐஸை வைத்துக்கொண்டுதான் இந்தியப் பெண்கள் அணி 2017-ல் பிலிப்பைன்ஸை 4-3 என வீழ்த்தி முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றது. 2025-ல் அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலமும் வென்றது. அணியில் பெரும்பாலானோர் லடாக் பெண்கள்.

உங்க ஊர்ப் பிள்ளை ரோலர் வகுப்புக்குப் போகிறதா? பயிற்சியாளரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: வலப்பக்க கிராஸ்ஓவர், பின்னோக்கி ஓட்டம், தலை நிமிர்ந்த பார்வை. இந்த மூன்றும் கைவந்தால், என்றாவது ஐஸில் கால் வைக்கும் நாளில் புதிதாகக் கற்க வேண்டிய பெரிய பாடம் 'எப்படி நிற்பது' என்பதுதான்.