அயல்நாட்டில் மருத்துவம் பயில்வோரும் விடுமுறைக் கால ஆராய்ச்சியும்

ருஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், பிலிப்பைன்ஸ், வங்காள தேசம் முதலிய நாடுகளில் மருத்துவக் கல்வி பெறும் இந்திய மாணாக்கர் பலர். அவர்களுள் ருஷ்யாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் பயில்வோர்க்குக் கல்வியாண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்குகிறது. ஜூலை, ஆகஸ்டு ஆகிய இரு திங்களும் பெரும்பாலும் விடுமுறையாக அமைகின்றன. அக்காலத்தில் ஊர் திரும்பும் மாணாக்கர், தமக்குப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியரையோ, ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரையோ நாடி, இவ்விரு மாதங்களில் ஆராய்ச்சிப் பணி ஏதேனும் பெற வழியுண்டா என வினவுவது இயல்பு. அவ்வினாவுக்குத் தக்க விடை கூறுவதற்கு வேண்டிய செய்திகளைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணாக்கரும் ஆராய்ச்சியும்

பட்டம் பெற்ற பின்னரே ஆராய்ச்சி என்னும் கருத்து பொருத்தமானதன்று. கணையத்தில் தீவுகள் போல் அமைந்த உயிரணுத் தொகுதிகளை 1869-இல் முதன்முதலாக விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ், அப்பொழுது பெர்லின் நகரில் மருத்துவ மாணாக்கராக இருந்தார். அத்தீவுகளிலிருந்து சுரக்கும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் பணி 1921-ஆம் ஆண்டுக் கோடையில் டொராண்டோ நகரில் நடைபெற்றபோது, பாண்டிங் என்னும் மருத்துவருக்குத் துணையாக நின்ற சார்லஸ் பெஸ்ட், அவ்வாண்டுதான் தம் முதற்பட்டப் படிப்பை முடித்திருந்தார். 

அயல்நாட்டிற் பயின்ற இந்தியருக்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப மண்டல மருத்துவம் கற்றார். பொருள் முட்டுப்பாட்டால் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளராகவும் உழைத்தார். பின்னர் சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிற மாற்றத்தால் அளக்கும் முறையை அவருடன் வகுத்து, 1925-இல் வெளியிட்டார். சிறிதாகத் தோன்றும் இம்முறையே தசைகளின் ஆற்றலுக்குக் காரணமான பொருள்களை அவர்கள் கண்டறிவதற்கு வழி கோலியது. சிறிய வினாவைச் செம்மையாக ஆராய்தலே பெரிய வினாக்களுக்கு வாயில் என்பது இதனாற் பெறப்படும்.

இரு புறமும் அடைபடும் வாயில்கள்

விடுமுறைக் கால ஆராய்ச்சிக்கெனப் பல திட்டங்கள் உள்ளன. எனினும், அவற்றுள் பெரும்பாலானவை அயல்நாட்டில் பயிலும் இந்தியர்க்குப் பயன்படுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-ஆம் ஆண்டில் தொடங்கிய குறுகிய கால உபகாரச் சம்பளத் திட்டம் இரு மாத ஆராய்ச்சிக்கு உதவுவது. அது நம் நாட்டு மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளில் பயில்வோர்க்கே உரியது. மூன்று விஞ்ஞானக் கழகங்கள் கூடி நடத்தும் கோடை ஆராய்ச்சி உபகாரத் திட்டமும் இந்தியாவிற் பயிலும் மாணாக்கரையும் கற்பிக்கும் ஆசிரியரையும் கருதி அமைக்கப்பட்டது. மறுபுறம், அயல்நாட்டு அரசாங்கப் பொருளுதவியால் நடைபெறும் திட்டங்கள் பல அந்நாட்டுக் குடிமக்களையே வேண்டுகின்றன.

காரணம் எளிதில் விளங்கக்கூடியது. பொது நிதியிலிருந்து வழங்கப்படும் உபகாரச் சம்பளம், வழங்கும் நாட்டின் ஆராய்ச்சித் துறையை வளர்க்கும் பொருட்டே ஒதுக்கப்படுகிறது. மேலும், மாணாக்கரின் கல்லூரி பொறுப்பேற்றுக் கையொப்பமிடுதல் வேண்டும் என்பது பெரும்பாலான திட்டங்களின் நிபந்தனையாகும். பருவ வேறுபாடும் மற்றொரு தடை. நம் நாட்டுக் கோடைத் திட்டங்கள் பல மே மாதத்தில் தொடங்கிவிடுகின்றன. அயல்நாட்டு மாணாக்கரோ அப்பொழுது தேர்வுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருப்பர். ஆகவே, விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னரே எவர்க்குரிய திட்டம், எக்காலத்தில் நடைபெறுவது என்னும் இரண்டையும் நோக்குமாறு மாணாக்கர்க்கு அறிவுறுத்துதல் நலம்.

கருத்திற் கொள்ள வேண்டிய சட்ட விதி

இனிக் கூறப்படுவது மிக முக்கியமானது. தேசிய மருத்துவ ஆணையம் 2021-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் வெளியிட்ட விதிகளின்படி, அதன்பின் அயல்நாட்டுக் கல்லூரியிற் சேர்ந்தோர் குறைந்தது 54 மாதப் படிப்பையும், 12 மாத உள்ளுறைப் பயிற்சியையும் அதே அயல்நாட்டு நிறுவனத்தில் முடித்தல் வேண்டும். அம்மருத்துவப் பயிற்சியின் எப்பகுதியும் இந்தியாவிலோ வேறொரு நாட்டிலோ நடைபெறுதல் கூடாது. நாடு திரும்பிய பின் தகுதித் தேர்வில் 300-க்கு 150 மதிப்பெண் பெற்று, மேலும் 12 மாதம் இங்கே உள்ளுறைப் பயிற்சி பெறுதலும் விதியாகும்.

ருஷ்யா முதலிய நாடுகளின் பாடத்திட்டத்தில், ஆண்டிறுதியில் சில வாரங்கள் மருத்துவமனைப் பயிற்சி பெறுதலும் ஓர் அங்கமாகும். அதனைத் தம் ஊர் மருத்துவமனையிற் செய்துவிட்டுச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்திற் காட்டலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். பயணச் செலவும் காலமும் மிச்சப்படும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால், பாடத்திட்டத்தின் ஒரு பகுதி இந்தியாவில் நடைபெற்றதாகப் பின்னர்க் கருதப்படுமாயின், பல ஆண்டு உழைப்பும் பெற்றோர் செலவிட்ட பொருளும் ஐயத்திற்குள்ளாகும். ஆதலின், விடுமுறையில் இங்குப் பெறும் அனுபவம் பாடத்திட்டத்திற்கு முற்றிலும் புறம்பானதாக இருத்தல் வேண்டும். அதற்கு வழங்கப்படும் சான்றிதழிலும் "ஆராய்ச்சி உதவி" என்றே குறிக்கப்படுதல் நன்று. "மருத்துவப் பயிற்சி" என்னும் சொல் இடம் பெறுதலாகாது.

பதிவு பெறாத ஒருவர் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தல் 2019-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி குற்றமாகும்; ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, மருந்தெழுதுதல், ஊசி போடுதல் ஆகியவற்றில் மாணாக்கரை ஈடுபடுத்தாதிருப்பது சுகாதார நிலைய ஊழியரின் கடமையுமாகும்.

திறந்துள்ள வழிகள்

முதலாவது வழி மாணாக்கரின் சொந்தப் பல்கலைக்கழகமே. ருஷ்ய மரபைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு துறையையும் சார்ந்து மாணாக்கர் விஞ்ஞான வட்டங்கள் இயங்குகின்றன. அவற்றிற் சேர்வதற்கு உபகாரச் சம்பளமோ குடியுரிமையோ தேவையில்லை. ஆர்வமும், அந்நாட்டு மொழியிற் சிறிது பயிற்சியும் போதும்.

இரண்டாவது வழி மாணாக்கர் பரிமாற்றம். 1951-இல் தோன்றிய சர்வதேச மருத்துவ மாணாக்கர் சங்கங்களின் சம்மேளனம், நாடுகளுக்கிடையே ஏறத்தாழ நான்கு வார ஆராய்ச்சிப் பரிமாற்றங்களை ஏற்பாடு செய்கிறது. இதில் மாணாக்கரின் குடியுரிமையைக் காட்டிலும் அவர் பயிலும் நாட்டின் சங்கமே கருதப்படுகிறது. இருபுறமும் அடைபட்டவர்க்கு இது ஒரு நல்வாயில். ஆயினும், மேற்கூறிய விதியை நினைவிற் கொண்டு, பாடத்திட்டப் பயிற்சியாக இதனைக் கணக்கிடாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது வழி, ஏற்கெனவே வெளியான புள்ளி விவரங்களை ஆராய்தல். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. ஏறத்தாழ 6,37,000 குடும்பங்களைக் கொண்ட அவ்வாய்வின் முடிவுகள் 707 மாவட்டங்களுக்கும் தனித்தனியே வெளியிடப்பட்டுள்ளன. தம் மாவட்டத்தில் இரத்தசோகை முந்தைய ஆய்வுக்கும் இவ்வாய்வுக்கும் இடையே கூடியதா, குறைந்ததா, அண்டை மாவட்டங்களில் எவ்வாறு என ஆராய்வதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. இத்தகைய பணிக்கு முன்பயிற்சியாக, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணைய வழியில் நடத்தும் உயிர் மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் பயன்படும்.

நான்காவது வழி, ஆராய்ச்சி நடத்தும் விஞ்ஞானிக்கு நேரே கடிதம் எழுதுதல். விடுமுறைக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே, அதாவது டிசம்பர் அல்லது ஜனவரித் திங்களில், எழுதத் தொடங்குதல் வேண்டும். கடிதம் ஒரு பக்கத்திற்கு மேற்படாதிருப்பது நல்லது. அவ்விஞ்ஞானியின் கட்டுரை ஒன்றையேனும் படித்து, அதில் தமக்கெழுந்த வினாவைக் குறித்தல் வேண்டும். தாம் வரக்கூடிய நாட்கள், தாம் செய்யத்தக்க வேலை, வேண்டும் உதவி ஆகியவற்றை ஒளிவின்றி எழுதுதல் வேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதினும், பத்துப் பேருக்குத் தனித்தனியே ஆய்ந்தெழுதுவது பயன் தரும்.

பெருந்தொகை பெற்றுக்கொண்டு ஆராய்ச்சிச் சான்றிதழும், கட்டுரையில் ஆசிரியர் பெயரும் பெற்றுத் தருவதாகக் கூறும் இடைத்தரகரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். செய்யாத வேலைக்குப் பெயர் பெறுதல் விஞ்ஞானத்தில் மோசடியாகும்.

களப்பணியாளரின் பங்கு

ஊரில் சிறிய ஆய்வொன்றை நடத்த ஒரு மாணாக்கர் விரும்பலாம். நாளொன்றுக்கு 20 வீடுகள் வீதம் 15 நாட்களில் 300 வீடுகளைப் பார்த்துவிடலாம். எஞ்சிய நாட்களில் விவரங்களைத் தொகுக்கலாம். கணக்கு எளிது, ஆனால் மனிதரைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் முன்னதாக நெறிமுறைக் குழுவின் ஆய்வும் ஒப்புதலும் வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டுத் தேசிய நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. அவ்வொப்புதல் பெறுதற்கு வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். தனி மாணாக்கர் ஒருவர் அதனைப் பெறுதல் அரிதாகலின், ஒரு கல்லூரியிலோ ஆராய்ச்சி நிறுவனத்திலோ உள்ள பொறுப்பாளரின் கீழ், முன்னரே ஒப்புதல் பெற்ற ஆய்வில் துணைவராகச் சேர்வதே அவர்க்குத் தக்கது.

பழக்கம் கருதியோ, நம் ஊர்ப் பிள்ளை என்னும் அன்பு கருதியோ, நோயாளிகளின் பெயர் அடங்கிய பதிவேட்டைப் படியெடுக்க விடுதல் கூடாது. இரத்தம், சளி முதலிய மாதிரிகளை அயல்நாட்டு ஆய்வுக்கூடத்திற்கு மாணாக்கர் தம் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுதலும் ஆகாது. அதற்குத் தனி அரசாங்க அனுமதிகள் உண்டு.

களப்பணியாளரின் பதிவு எத்துணை மதிப்புடையது என்பதற்குச் சென்னையே சான்று. 1956-இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தில், 193 நோயாளிகள் இரு பிரிவினராக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றவர் மருத்துவ விடுதியிலும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். வீட்டுச் சிகிச்சையும் விடுதிச் சிகிச்சையைப் போன்றே பயனளிக்கிறது என்னும் முடிவு 1959-இல் வெளியாயிற்று. வீடு வீடாகச் சென்று நோயாளிகளையும் அவர்தம் குடும்பத்தினரையும் கண்காணித்த பணியாளரின் உழைப்பின்றி அம்முடிவு கிட்டியிராது.

ஆதலின், விடுமுறையில் வரும் மாணாக்கர்க்கு நாம் தரத்தக்க பெரிய உதவி, ஒரு நாள் களத்தில் உடனழைத்துச் சென்று, ஒரு வினா எவ்வாறு பிறக்கிறது, ஒரு விடை எவ்வளவு கவனத்துடன் எழுதப்படுகிறது என்பதைக் காட்டுதலேயாகும். ஆசிரியரோ, அம்மாணாக்கரை மேல்வகுப்புப் பிள்ளைகள் முன் நிறுத்தி, அயல்நாட்டுக் கல்வியின் நன்மைகளோடு அதன் விதிகளையும் எடுத்துரைக்கச் செய்யலாம். கடல் கடந்து செல்லக் கருதும் அடுத்த மாணாக்கர், கட்டணத்தை மட்டுமன்றி விதிகளையும் கேட்டறிந்து செல்வாராயின், அதுவே அம்முயற்சியின் பயனாகும்.