குடியிருக்கும் வீட்டின் மேல் மாடி கட்டுதல்

குடியிருக்கும் வீட்டின் மேல் மாடி கட்டுதல் என்பது, குடும்பம் வாழ்ந்துவரும் தரைத்தள வீட்டை இடிக்காமல், அதன் கூரைத் தளத்தின் மீது புதிதாக ஒரு தளம் எழுப்புவதைக் குறிக்கும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இது 'மாடி எடுத்தல்' எனப்படுகிறது. மகனுக்குத் திருமணம் ஆவது, ஓய்வுபெற்றவர் வாடகை வருமானம் தேடுவது, பிள்ளைகளுக்குப் படிக்கத் தனி அறை தேவைப்படுவது ஆகியவை இதற்கான வழக்கமான காரணங்கள். மனை விலை உயர்ந்துவிட்ட ஊர்களில், புது மனை வாங்குவதைவிட இதுவே பலருக்கு இயலக்கூடிய வழியாக இருக்கிறது.

மாடியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அறைகளின் எண்ணிக்கையில் தொடங்குகிறது. ஆனால் மாடி கட்ட இயலுமா என்பதை முடிவு செய்பவை இரண்டுமே கீழே இருப்பவை. ஒன்று, வீட்டின் கடைக்கால். மற்றொன்று, மனையின் பத்திரம்.

கீழ் வீட்டின் வகை

தமிழ்நாட்டின் தனி வீடுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது மெட்ராஸ் டெரஸ் வீடு. மர உத்தரங்களின் மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்ட தளம் இது. இத்தளத்தின் மேல் சுவர் எழுப்புவது ஆபத்தானது. தளத்தைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட வேண்டும், அல்லது மாடி எண்ணத்தைக் கைவிட வேண்டும்.

இரண்டாவது, சுவர்களே சுமையைத் தாங்கும் வீடு. கருங்கல் கடைக்காலின் மேல் 9 அங்குலச் செங்கல் சுவரும், அதன் மேல் கான்கிரீட் தளமும் இருக்கும். கடைக்கால் போதிய அகலமும் ஆழமும் கொண்டிருந்தால் இதன் மேல் ஒரு தளம் எழுப்ப முடியும். ஆனால் மாடிச் சுவர்கள் கீழுள்ள 9 அங்குலச் சுவர்களின் நேர் மேலேயே வர வேண்டும். கீழே இரண்டு அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவர் வெறும் தடுப்புச் சுவர். அதன் மேல் சுமை ஏற்றக் கூடாது. ஆகவே இவ்வகை வீடுகளில் மாடியின் அமைப்பு ஏறக்குறைய கீழ் வீட்டின் அமைப்பாகவே அமையும். மேலே பெரிய கூடம் வேண்டுமென்றால் அதற்கென பீம் போட வேண்டும்.

மூன்றாவது பில்லர் வீடு. பில்லர்களும் பீம்களும் சுமையைத் தாங்குவதால் சுவர்களை ஓரளவு இடம் மாற்றலாம். அப்போதும் சுவர் பீமின் மேல் வருவதே நல்லது. பீம் இல்லாத இடத்தில், தளத்தின் நடுவே சுவர் எழுப்பிவிடுவதே மாடி கட்டுவோர் செய்யும் பிழைகளில் மிகச் சாதாரணமானது. அந்தச் சுவருக்குக் கீழே உள்ள தளத்தின் அடிப்பக்கத்தில் சில ஆண்டுகளில் நீளவாக்கில் விரிசல் தோன்றும். அதைப் பூச்சு விரிசல் என்று எண்ணிப் பூசி மறைத்துவிடுவதும் உண்டு.

எடைக் கணக்கு

இந்தியத் தர நிர்ணயப்படி, ஆட்கள் ஏறி நடக்கும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோவும், குடியிருக்கும் அறையின் தளத்துக்குச் சுமார் 200 கிலோவும் புழக்கச் சுமையாகக் கொள்ளப்படுகின்றன. இந்த வேறுபாடு பெரிதல்ல. மேலும், மாடி கட்டும்போது பழைய தளத்தின் மேலுள்ள செங்கல் ஜல்லிக் காரையையும் தட்டோட்டையும் பெயர்த்து எடுத்துவிடுவதால், அந்த எடை குறையும். நாற்காலி, கட்டில், மனிதர்கள் ஆகியவை பெரும்பாலும் சிக்கலை உண்டாக்குவதில்லை. சுவர்தான் உண்டாக்குகிறது.

9 அங்குலக் கனமும் 10 அடி உயரமும் உள்ள செங்கல் சுவர், ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ எடை இருக்கும். 20 அடிக்கு 30 அடி, அதாவது 6 சதுரம் உள்ள மாடியின் வெளிச்சுவர் நீளம் 100 அடி. அதுவே 40 டன். 5 அங்குலக் கனமுள்ள கூரைக் கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ வீதம் 18 டன் வரும். கதவு, சன்னல் இடங்களைக் கழித்தாலும், உள்சுவர், பூச்சு, தரை, கைப்பிடிச் சுவர் இவற்றைச் சேர்த்தால் மொத்தம் 50 டன்னைத் தாண்டிவிடும். இவ்வளவும் பழைய கடைக்காலின் வழியாகவே மண்ணுக்கு இறங்க வேண்டும். மேலே வைக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி தனியே ஒரு டன்.

எடையைக் குறைக்க ஏ.ஏ.சி. பிளாக் உதவும். அதன் எடை, அதே அளவுச் செங்கல் கட்டடத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இரும்புச் சட்டமும் தகடும் கொண்ட கூரை இன்னும் இலேசானது. ஆனால் சித்திரை, வைகாசியில் அதன் கீழே பகலில் இருப்பது கடினம்.

கடைக்காலைப் பார்த்தல்

'மாடிக்கும் சேர்த்துத்தான் கடைக்கால் போட்டது' என்ற வீட்டுப் பெரியவரின் சொல் பல வீடுகளில் ஒரே சான்றாக இருக்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உறுதி செய்வது எளிது. சுவரை ஒட்டி இரண்டு மூன்று இடங்களில் சிறு குழி தோண்டினால் கடைக்காலின் ஆழம், அகலம், கல்லின் தரம், அடியிலுள்ள மண் ஆகிய நான்கும் தெரிந்துவிடும். ஒரு நாள் வேலை. இதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்ப்பது அவசியம். அனுபவமுள்ள மேஸ்திரியின் கண் பல குறைகளைக் கண்டுபிடிக்கும் என்றாலும், சுமைக் கணக்குப் போடுவது அவர் வேலையல்ல.

கரிசல் மண்ணில் கூடுதல் கவனம் தேவை. அம்மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். கீழ் வீட்டில் ஏற்கெனவே மூலைவிட்டமாக விரிசல்கள் இருந்தால், அவற்றின் காரணத்தை அறியாமல் மேலே சுமை ஏற்றக் கூடாது.

நிலநடுக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிலநடுக்கத் தாங்குதிறனுக்கான ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2002 ஆம் ஆண்டுப் பதிப்பில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் கட்டிய சென்னை வீடு, அக்காலத்து விதிகளை முழுமையாகப் பின்பற்றியிருந்தாலும், இன்றைய தேவைக்குக் குறைவாக இருக்கக்கூடும்.

விட்டு வைத்த கம்பிகள்

பில்லர் வீடுகளின் மொட்டை மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பது தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் காணக்கூடியது. பிற்காலத்தில் மாடி எடுக்கலாம் என்ற நம்பிக்கையின் அடையாளம் அது. வெயிலிலும் மழையிலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் நிற்கும் கம்பி துருவேறி மெலிகிறது. துரு, பில்லருக்குள்ளும் இறங்குகிறது. விட்டு வைக்கும்போதே மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

புதுக் கம்பியைப் பழைய கம்பியோடு சேர்க்கும்போது, கம்பி விட்டத்தைப் போலச் சுமார் 50 மடங்கு நீளத்துக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று செல்வது பொது வழக்கம். 12 மி.மீ. கம்பிக்கு இது 2 அடி. ஒரு முழம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் இதைச் செய்ய முடியாது. அப்போது பில்லரின் தலைப்பை உடைத்து நல்ல கம்பியை வெளிக்கொணர வேண்டும், அல்லது துளையிட்டு இரசாயனப் பசையால் புதுக் கம்பி பதிக்க வேண்டும். கம்பி துரு பிடித்திருந்தால் கீழே உள்ள பில்லரையும் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்று ஒலி கேட்டால் உள்ளே காரை விட்டிருக்கிறது என்று பொருள்.

அனுமதியும் மின்கம்பியும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்பவை மாடிக்கும் பொருந்தும். சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு 2 ஆகும். அதாவது எல்லாத் தளங்களின் பரப்பும் சேர்ந்து மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை இருக்கலாம். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் தரைத்தள அல்லது ஒரு மாடி வீடுகளுக்குச் சுயசான்றின் அடிப்படையில் இணையவழி அனுமதி பெறும் முறை நடப்பில் உள்ளது. பழைய வீட்டின் மேல் கட்டுவோர், தங்கள் கட்டடம் இதில் அடங்குமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கீழ் வீட்டுக்கே வரைபட அனுமதி இல்லாதபோது சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பலர் மறந்துவிடுவது தெருவில் செல்லும் மின்கம்பியை. தரைத்தள வீட்டுக்குத் தொலைவில் இருந்த கம்பி, மாடியின் பால்கனிக்குக் கை நீட்டும் தொலைவில் வந்துவிடும். வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கம்பிகளுக்கும் 11,000 வோல்ட் கம்பிகளுக்கும் கட்டடத்திலிருந்து கிடைமட்டமாகக் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. கம்பியை மாற்றியமைக்க மின் வாரியத்துக்கு விண்ணப்பித்து, அது முடிந்த பிறகே சாரம் கட்ட வேண்டும். சாரத்தின் மேல் நின்று இரும்புக் கம்பியைத் தூக்கித் திருப்பும் தொழிலாளியின் உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மனை யார் பெயரில்

தந்தையின் பெயரில் உள்ள மனையில் மகன் தன் பணத்தில் மாடி கட்டுவது மிகப் பரவலான ஏற்பாடு. கட்டும்போது யாரும் இதைப் பேசுவதில்லை. பேசுவது அன்புக்குக் குறைவு என்று எண்ணப்படுகிறது. ஆனால் பணம் போட்டதாலேயே மாடி மகனுக்குச் சொந்தமாகிவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாய் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். பாகப்பிரிவினை நாளில், வெளியூரில் வாழும் தங்கை தன் பங்கைக் கேட்பது முறைகேடல்ல. இருபது ஆண்டு வங்கித் தவணை கட்டும் அண்ணன் மனம் நொந்துபோவதும் இயல்பே. இருவரிடமும் நியாயம் இருப்பதால்தான் இவ்வழக்குகள் நீள்கின்றன.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியவை உள்ளன. தந்தை உயில் எழுதலாம். மாடியையும் மனையில் ஒரு பிரிக்கப்படாத பங்கையும் மகனுக்குச் செட்டில்மெண்ட் பத்திரமாகப் பதிவு செய்து கொடுக்கலாம். மற்ற பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி, அவர்களுக்குச் சேர வேண்டியதையும் அப்போதே எழுதிவிடலாம்.

பெற்றோர் தரப்பிலும் எச்சரிக்கை வேண்டும். பதிவு செய்த செட்டில்மெண்ட் பத்திரத்தை, மனம் மாறியதால் மட்டும் எழுதிக் கொடுத்தவர் தாமாகவே ரத்து செய்துவிட முடியாது. ஆகவே ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையையும், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அத்தகைய நிபந்தனை மீறப்பட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவின் கீழ்த் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

குடியிருந்தபடி கட்டுதல்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை போட்டு முடிப்பது முக்கியம். தட்டோட்டைப் பெயர்த்த தளம் மழையைத் தாங்காது. தை மாதத்தில் தொடங்கும் வழக்கம் இவ்வகையில் பொருத்தமானது. நீராற்றக் குறைந்தது 7 நாட்களும், வெயில் காலத்தில் அல்லது பி.பி.சி. சிமெண்டில் 10 நாட்களும் வேண்டும். இதனால் கீழ் வீட்டுச் சுவர்களில் ஓதம் இறங்கும் என்பதால் கீழே வெள்ளையடிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் தேர்வு முடியும்வரை தள்ளிப்போடுவதே நல்லது.

செங்கல்லையும் மணலையும் மொட்டை மாடியின் நடுவில் குவிக்க விடக் கூடாது. 1,000 செங்கல் சுமார் 3 டன். அவற்றைச் சுவர்களின் மேலாகப் பரப்பி அடுக்க வேண்டும். மாடிக் கழிவறையைக் கீழ்க் கழிவறையின் மேலேயே அமைத்தால் குழாய்கள் குறையும், ஒழுகினாலும் கூடத்துக்குள் ஒழுகாது. படிக்கட்டை வெளியே வைத்தால் வாடகைக்கு விட வசதி. ஆனால் அது பக்க இடைவெளியை அடைத்துக்கொண்டால் விதிமீறலாகும்.

வேலை முடிந்ததும் சொத்து வரி மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் உண்டு என்பதால் மாடிக்குத் தனி மீட்டர் கேட்பவர்கள் பலர். அதற்கு விண்ணப்பிக்கும்போது புதிய தளத்தின் வரி ரசீது கையில் இருப்பது உதவும்.