பூட்டிய பூங்கா யாருக்கு?

குடிப்பவர்களை விரட்டப் போட்ட பூட்டு, நடக்க வந்தவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறது. பெங்களூர் 2024ல் எடுத்த முடிவில் மற்ற நகரங்களுக்கும் பாடம் இருக்கிறது.

இந்திய நகரங்களில் பூங்கா வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகை ஏறக்குறைய ஒரே மாதிரியானது. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று முதல் வரி. அதற்குக் கீழே தடைகளின் பட்டியல்: பூப் பறிக்காதே, புல்லில் நடக்காதே, கிரிக்கெட் ஆடாதே, மது அருந்தாதே. முதல் மூன்றையும் காவலாளி பகலில் பார்த்துக்கொள்கிறார். நான்காவது தடை மீறப்படுவதோ பெரும்பாலும் அவர் பூட்டைப் போட்டுவிட்டுப் போன பிறகு. விடிந்ததும் துப்புரவுத் தொழிலாளி கூட்டி அள்ளும் காலி பாட்டில்களும் பிளாஸ்டிக் டம்ளர்களும் இதற்கு சாட்சி.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. தில்லி கலால் சட்டம் (2009) பொது இடத்தில் குடித்தால் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. குடித்துவிட்டுத் தொல்லையும் கொடுத்தால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், 3 மாதம் வரை சிறையும் உண்டு. கர்நாடக கலால் சட்டத்தின் 15-ஏ பிரிவும், கேரள அப்காரி சட்டத்தின் 15-சி பிரிவும் பொது இடத்தில் குடிப்பதைத் தடை செய்கின்றன. மதுவுக்குப் பெயர் போன கோவாகூட விலக்கல்ல. அங்கே 2019ல் சுற்றுலாத் தலங்கள் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, கடற்கரையில் குடிப்பதற்கும் திறந்த வெளியில் சமைப்பதற்கும் தடை போட்டார்கள். தனி நபருக்கு 2,000 ரூபாய், கும்பலாகச் சேர்ந்து குடித்தால் 10,000 ரூபாய் என்றது அந்தத் திருத்தம். கோவாவை உறுத்தியது குடி அல்ல. மணலில் புதைந்து கிடந்து காலைக் கிழிக்கும் கண்ணாடித் துண்டுகள்.

சட்டத்துக்கு எல்லையும் உண்டு. யாருக்கும் தொல்லை தராமல் தனியிடத்தில் குடிப்பது குற்றமாகாது, வாயில் மது வாடை அடிப்பதை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது என்று 2021ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும் பூங்காக்கள் தெளியவில்லை. காரணம், பொறுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. 1993ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளின் பட்டியலில் பூங்காவையும் சேர்த்தது. மது மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. ஆக, சாவி மாநகராட்சியிடம், லத்தி போலீஸிடம், கடைக்கு லைசென்ஸ் தருவது கலால் துறை. பூங்காவுக்கு எதிரே மதுக்கடை வந்தால் அது மாநகராட்சியின் முடிவல்ல. அங்கே வாங்கிய பாட்டில் சுவரைத் தாண்டி உள்ளே போனால் அது கலால் துறையின் கவலையல்ல. மிச்சம் இருப்பது பூட்டு ஒன்றுதான். எல்லோருக்கும் எளிதான வழியும் அதுதான்.

பெங்களூரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஆயிரத்துக்கும் அதிகமான பூங்காக்களை மாநகராட்சி பராமரித்துவந்த நகரம் அது. பல ஆண்டுகளாக அவை காலை 5 முதல் 10 வரையும், பிற்பகல் 1.30 முதல் இரவு 8 வரையும் மட்டுமே திறந்திருந்தன. காலையில் நடக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கு இந்த நேரம் கச்சிதம். கட்டட வேலைக்கு நடுவே நிழல் தேடும் கூலித் தொழிலாளிக்கு? மதிய ஆர்டர்களுக்கு முன் சற்றுக் கால் நீட்ட நினைக்கும் டெலிவரி இளைஞனுக்கு? வேலை முடிந்து பஸ் பிடித்து 8 மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு? இவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் பூட்டுதான்.

2024 ஜூனில் அந்த நேரம் மாறியது. பெங்களூர் வளர்ச்சித் துறையைக் கையில் வைத்திருந்த துணை முதல்வர் டி.கே. சிவகுமார், மாநகராட்சிப் பூங்காக்கள் காலை 5 முதல் இரவு 10 வரை இடைவெளியின்றித் திறந்திருக்கும் என்று அறிவித்தார்.

இப்படி நேரத்தை நீட்டிப்பதை மறுப்பவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. விளக்கு இல்லாத பூங்காவை இரவில் திறந்து வைத்தால் சமூக விரோதிகளுக்கு வசதியாகிவிடாதா? செடிகளுக்குத் தண்ணீர் விடவும் குப்பை அள்ளவும் நேரம் வேண்டாமா? ஒரே காவலாளி 17 மணி நேரம் நிற்க முடியுமா? இவை தீர்க்கக்கூடிய கேள்விகள். விளக்கு, கழிப்பறை, ஷிஃப்ட் முறையில் காவலாளி ஆகிய மூன்றுக்கும் பணம் ஒதுக்காமல் நேரத்தை மட்டும் நீட்டினால் அறிவிப்புப் பலகையில் எண்கள் மாறும், அவ்வளவுதான்.

ஆனால் பூட்டினால் பத்திரம் என்ற நம்பிக்கைதான் முதலில் சோதிக்கப்பட வேண்டும். ஆள் உயரச் சுவர், பாட்டிலோடு வரும் நான்கு இளைஞர்களுக்கு ஒரு தடையே அல்ல. அதே சுவர் குழந்தையோடு வரும் தாயையும் கைத்தடியோடு வரும் முதியவரையும் தடுத்துவிடுகிறது. 9 மணிக்கு முப்பது பேர் நடந்துகொண்டிருக்கும் பூங்காவில் பாட்டிலைத் திறக்க யாரும் கூச்சப்படுவார்கள். ஆளில்லாத பூங்காவில் கூச்சத்துக்கு வேலையில்லை.

அவர்கள் ஏன் பூங்காவுக்கு வருகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். கர்நாடகத்தில் சிஎல்-2 லைசென்ஸ் பெற்ற சில்லறைக் கடை பாட்டிலை விற்கலாம்; அங்கேயே குடிக்க அனுமதிக்கக் கூடாது. உட்கார்ந்து குடிக்க பார் உண்டு, ஆனால் விலை கூடுதல். ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு வீட்டிலும் இடமில்லை. மீதி இருப்பது நடைபாதை, காலி மனை, பூங்கா. வசதி உள்ளவர் கிளப்பில் குடித்தால் அது பொழுதுபோக்கு, இல்லாதவர் மரத்தடியில் குடித்தால் வழக்கு. இதற்காகப் பூங்காவில் குடிக்க அனுமதிக்க முடியாது. குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடும் இடம் அது. ஆனால் கடை வாசலிலிருந்து பூங்காவரை நீளும் தொல்லைக்குக் கடைக்காரரையும் பொறுப்பாக்காமல், லைசென்ஸ் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொள்வது எந்த வகை நிர்வாகம்?

அதிகம் இழப்பது பெண்கள். பெங்களூரில் 2003ல் தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' என்ற அமைப்பு, பெண்கள் பூங்காவில் அச்சமின்றிப் படுத்துத் தூங்கும் ஒரு இயக்கத்தையே நடத்திவருகிறது. ஆண்கள் தினமும் சாதாரணமாகச் செய்வதைப் பெண்கள் செய்ய ஒரு இயக்கம் தேவைப்படுகிறது. மும்பைப் பெண்களைப் பற்றி 2011ல் மூன்று ஆய்வாளர்கள் எழுதிய நூலும் இதையே வலியுறுத்தியது: பெண்கள் காரணமின்றிப் பொது இடத்தில் இருக்க முடிந்தால்தான் அந்த இடம் பொது இடம்.

பூங்காவின் நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததும் ஒரு பெங்களூர் வழக்குதான். பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதிவாசிகள் நீதிமன்றம் போனார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. காற்றுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கிய இடத்தை அரசு நினைத்தபடி தூக்கிக் கொடுக்க முடியாது என்பது அதன் சாரம்.

நிலத்துக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு நேரத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. எந்த நேரம் யாருக்கு என்பதைப் பல ஊர்களில் காண்ட்ராக்டர் நியமித்த காவலாளியும், காலையில் நடக்க வரும் சங்கத்தினரும் முடிவு செய்கிறார்கள். வார்டு மக்களைக் கூட்டி, வேலைக்குப் போகும் பெண்களையும் கூலித் தொழிலாளிகளையும் கேட்டு நேரம் வகுத்தால் பாதிப் பிரச்னை தீரும். குடிப்பவரிடம் ரசீதில்லாமல் நூறோ இருநூறோ கறப்பதை நிறுத்தி, ரசீதோடு அபராதம் போட்டால் இன்னொரு கால் பங்கு தீரும். மீதிக்கு விளக்கு போதும். ஒரு பூங்காவுக்கு நாலைந்து விளக்குக் கம்பங்கள் நடுவது எந்த மாநகராட்சிக்கும் முடியாத காரியமல்ல.